தங்கிப்போகிறவரின் நாட்கள்

மாலினோவ்ஸ்கியின் நாட்குறிப்பை வாசிக்கச் சொன்னால் நண்பர்கள் முதலில் கேட்பது இதுதான்: “அதுல அந்தத் தீவுக்காரங்கள ரொம்ப மோசமா திட்டியிருப்பாராமே?” ஆமாம், திட்டியிருக்கிறார். 1967இல் அது அச்சானதிலிருந்து அதைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி இந்தத் திட்டைச் சுற்றியே ஓடிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. அடுத்தவர்களின் அன்றாடத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மனிதர், தன் அன்றாடத்தைத் தாங்கிப்பிடித்த வேலைகளை மட்டும் அந்தத் தீவின் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முன்கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1884இல் க்ராக்கோவில் பிறந்த போலந்துக்காரர். அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் குடிமகன். 1914இல் ஒரு மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போன நேரத்தில் உலகப்போர் தொடங்கிவிட, சட்டப்படி எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். ஆனாலும் பப்புவாவில் கள ஆய்வு செய்ய அனுமதி கிடைத்தது. முதலில் மைலு தீவு. பிறகு 1915–16, 1917–18 என்று இரண்டு தவணைகளாக ட்ரோப்ரியாண்ட் தீவுகள், இன்றைய பப்புவா நியூ கினியில். அங்கே ஓமரக்கானா என்ற ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கினார். 1922இல் ‘ஆர்கோநாட்ஸ் ஆஃப் தி வெஸ்டர்ன் பசிபிக்’ வந்தது. மானுடவியல் படிப்பவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அந்தப் புத்தகத்தின் முன்னுரை கிட்டத்தட்ட ஒரு செயல்முறைக் கையேடு. வெள்ளைக்காரர்களை விட்டு விலகி ஊருக்குள் இரு, மொழியைக் கற்றுக்கொள், சடங்கை மட்டும் பார்க்காதே, அன்றாடத்தைப் பார் என்கிறது. அடுப்பு எப்படி எரிகிறது, குழந்தையை எப்படிக் கொஞ்சுகிறார்கள், சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் எந்தக் கேள்வித்தாளாலும் பிடிக்க முடியாது, கூடவே இருந்தால்தான் தெரியும் என்கிறார். நூறு வருடம் கழித்து வாசிக்கும்போதும் அந்தப் பக்கங்களில் உயிர் இருக்கிறது.

இப்போது நாட்குறிப்புக்கு வருவோம். போலிஷ் மொழியில், தனக்காக மட்டும் எழுதிக்கொண்டது. 1942இல் அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, மனைவி வலெட்டா ஸ்வான் அனுமதி கொடுக்க, மாணவர் ரேமண்ட் ஃபர்த்தின் முன்னுரையோடு ஆங்கிலத்தில் வந்தது. வெப்பமண்டலத் தீவு என்றதும் நம் மனதில் வரும் தென்னைமரமும் நீலக் கடலும் இதிலும் உண்டு. சில இடங்களில் கடலின் நிறத்தைப் பற்றி அவர் எழுதுவது அபாரம். ஆனால் பக்கங்களை நிரப்புவது வேறு விஷயங்கள். காலையில் எழ முடியாத சோர்வு. ஜுரம் வருமோ என்ற பயம், கொய்னா, ஆர்சனிக் ஊசி. உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டிய நேரத்தில் ஒரு நாவலை எடுத்து முடிக்கும்வரை கீழே வைக்காமல் வாசித்துவிட்டு, இனி நாவலே தொடக் கூடாது என்று சபதம். சில நாட்களிலேயே இன்னொரு நாவல். மெல்போர்னில் இருக்கும் எல்சி மேஸனுக்காக (பின்னாளில் மனைவி ஆனவர்) ஏக்கம். 1918இல் அம்மா இறந்த செய்தி தாமதமாக வந்து சேர்கிறது. அதன்பிறகு வரும் பக்கங்களின் கனம் வேறு.

நாட்குறிப்பு சலிப்பூட்டும். ஒரே சபதம், ஒரே சோர்வு, மறுபடி அதே சபதம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதன் நேர்மையாகப் படுகிறது. தீவில் தற்காலிகமாகத் தங்கும் வாழ்க்கை வெளியே இருந்து பார்க்கத்தான் சாகசம். உள்ளே அது பெரும்பாலும் காத்திருப்பு: கடிதத்துக்கு, படகுக்கு, உடம்பு சரியாவதற்கு. வெள்ளைக்காரர்களை விட்டு விலகி இரு என்று பின்னாளில் எழுதியவர், பில்லி ஹான்காக், ப்ரூடோ போன்ற முத்து வணிகர்களின் வீடுகளுக்கு அடிக்கடி போய்த் தங்கியதும் இதில் தெரிகிறது. எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. மனுஷன் யார்கிட்டயாவது பேசித்தானே ஆகணும்.

எங்கள் தொழிலில் ரிலீஸ் நோட்ஸ் என்று ஒன்று உண்டு, லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. முன்னது முடிந்த பொருளைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்வது. பின்னது ராத்திரி இரண்டு மணிக்கு எது எங்கே விழுந்தது என்று நமக்காகப் பதிந்துகொள்வது. ஆர்கோநாட்ஸை ரிலீஸ் நோட்ஸ் என்றும் நாட்குறிப்பை லாக் என்றும் வைத்து, லாக்தான் உண்மை, மற்றது வேஷம் என்று சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் லாக் எழுதியவர்களுக்குத் தெரியும்: எழுதச் சொன்னதை மட்டும்தான் அதுவும் எழுதும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் அதில் தெரியவே தெரியாது. எரர் வந்தால்தான் அதன் பெயர் வரும்.

நாட்குறிப்பில் அப்படி எட்டிப்பார்க்கும் ஒரு பெயர் ஜிஞ்சர். மாலினோவ்ஸ்கியின் வேலையாள். பெரும்பாலும் எஜமானனுக்குக் கோபம் வரும்போதுதான் அவர் பக்கத்துக்குள் வருகிறார். சமையலும் சாமான் தூக்குவதும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்த நாட்களில் அவர் இல்லை. ஆனால் அந்த நாட்களில்தான் உலகின் மிக முக்கியமான கள ஆய்வுகளில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அடுப்பைக் கவனிக்கச் சொன்னவரின் சொந்த அடுப்பை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவருடைய முறையியலுக்குள் வரவில்லை. அது வேலை, ஆய்வுப்பொருள் அல்ல. இந்தப் பிரிவினை இரண்டு புத்தகங்களிலும் ஒன்றேதான். அந்த விதத்தில் ஒன்று மற்றதன் முகமூடியைக் கிழிக்கவே இல்லை.

நாட்குறிப்பு வந்தபோது க்ளிஃபர்ட் கீர்ட்ஸ் வைத்த வாதம் புகழ்பெற்றது. அந்த மக்கள்மேல் பிரியமே இல்லாதவரால் இவ்வளவு நல்ல புத்தகம் எழுத முடிந்திருக்கிறது என்றால், புரிந்துகொள்ளுதல் பிரியத்திலிருந்து வருவதல்ல, உழைப்பிலிருந்து வருவது என்பதுதான் அதன் சாரம். பாதி சரி. பிரியம் இருந்தும் ஒன்றுமே புரியாமல் திரும்பிய பயணிகள் ஏராளம். ஆனால் மீதிப் பாதிக்கு ஆனட் வைனரை வாசிக்க வேண்டும்.

வைனர் 1971இல் அதே தீவுக்கு, ஓமரக்கானாவுக்குப் பக்கத்து ஊருக்குப் போனவர். அங்கே பெண்கள் வாழையிலையைச் சுரண்டி, காயவைத்து, கட்டுக்கட்டாகக் கட்டி, இறப்புச் சடங்குகளில் ஆயிரக்கணக்கில் விநியோகிப்பதைப் பார்த்தார். அது வெறும் சம்பிரதாயம் அல்ல, பெண்கள் கையில் இருக்கும் செல்வம் என்று 1976இல் வந்த ‘விமன் ஆஃப் வேல்யூ, மென் ஆஃப் ரினௌன்’ நூலில் விளக்கினார். அண்ணன் தம்பிகள் தோட்டத்தில் விளைந்த நல்ல வள்ளிக்கிழங்கைச் சகோதரியின் வீட்டுக்கு அனுப்புவதை மாலினோவ்ஸ்கி விரிவாக எழுதியிருந்தார். அதைப் பெறும் கணவன், மனைவியின் உறவில் ஒரு சாவு விழும்போது தன் பொருளைச் செலவழித்து அவளுக்காக இலைக்கட்டுகளைச் சேர்த்துத் தர வேண்டும் என்ற மறுபாதியை வைனர்தான் பார்த்தார். வரவு எழுதியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஐம்பது வருடத்துக்குமேல் காலியாகக் கிடந்தது. மாலினோவ்ஸ்கி காலத்திலும் இந்தச் சடங்குகள் நடந்தன. ஆனால் கடல் தாண்டிப் போகும் சங்கு வளையல்களைச் செல்வமாகப் பார்த்த கண், வீட்டு முற்றத்தில் இருந்த இலைக்கட்டை அப்படிப் பார்க்கவில்லை.

ஜிஞ்சரும் இலைக்கட்டும் எனக்கு ஒரே விஷயமாகத் தெரிவது இங்கேதான். வீட்டுவேலை போலத் தோன்றியதெல்லாம் கணக்கிலிருந்து நழுவியது. உழைப்பால் புரிந்துகொள்ளலாம்தான். ஆனால் உழைப்பை எங்கே செலுத்துவது என்று முடிவெடுப்பது வேறு ஏதோ ஒன்று.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. ஆர்கோநாட்ஸின் மையம் குலா என்ற பரிமாற்றம். சிவப்புச் சங்கு மாலைகள் தீவுகளைச் சுற்றி ஒரு திசையில் போகும், வெள்ளைச் சங்கு வளையல்கள் எதிர்த்திசையில் வரும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச காலம் உன்னிடம் தங்கும், அந்தப் பெருமை உனக்கு, பிறகு கைமாற்றிவிட வேண்டும். அதாவது அந்த மக்களிடம் ‘தற்காலிகம்’ என்பதற்கு ஒரு முழு ஒழுக்கமே இருந்தது. தற்காலிகமாகத்தான் இருக்கிறது, அதனாலேயே கடமை இருக்கிறது. இதை உலகத்துக்கு எடுத்துச்சொன்னவர், தானும் அந்த ஊரில் கொஞ்ச காலம் தங்கிப்போகிறவர்தான் என்பதை இதோடு சேர்த்து யோசித்ததாக நாட்குறிப்பில் எங்கும் தெரியவில்லை. பேசியவர்களுக்குப் புகையிலை கொடுத்தார். அதோடு கணக்கு முடிந்தது.

இது பழைய காலனியக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தீவில் ஒரு மாதம் தங்கி வேலை பார்ப்பது இப்போது நம் தலைமுறைக்குச் சாதாரணம். அதைப் பற்றி வரும் கட்டுரைகளில் கடல் இருக்கும், தனிமை இருக்கும், தன்னைக் கண்டடைந்த அனுபவம் இருக்கும். தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கி வந்தவர் இருக்க மாட்டார், கேன் வராத நாளைத் தவிர. மாலினோவ்ஸ்கியைத் திட்டிவிட்டு நாம் எழுதுவதும் அதே லாக்தான்.

ஆகவே வாசிப்பு வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஆர்கோநாட்ஸ், பிறகு நாட்குறிப்பு, பிறகு வைனர். நாட்குறிப்பை வாசிக்கும்போது திட்டுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஜிஞ்சரின் பெயர் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டே போங்கள், வராத நாட்களையும்.