உருகிய பனியும் உருக்கிய கைகளும்: இளையோர்க்கான கேட்டுலகப் புதினங்களில் வினைமுதல்

தமிழ் இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் கற்கும் வேறுபாடுகளுள் தன்வினை, பிறவினை என்பதும் ஒன்று. 'பனி உருகியது', 'பனியை உருக்கினர்' என்னும் இரு தொடர்களின் வினையடிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஓர் ஒற்றேயாகும். ஆயினும் முன்னதில் பனியே எழுவாயாக நிற்கிறது; பின்னதில் அது செயப்படுபொருளாகிவிட, உருக்கியவர் யாவர் என்னும் வினா எழுகிறது. எரிந்தது–எரித்தது, அழிந்தது–அழித்தது, உயர்ந்தது–உயர்த்தியது, மாறியது–மாற்றியது எனத் தமிழில் இத்தகைய இணைகள் மிகப் பல. ஆங்கிலத்தின் நிலை வேறு. அம்மொழியிலும் 'ரைஸ்', 'ரெய்ஸ்' போன்ற சில இணைகள் உண்டு. எனினும் 'மெல்ட்', 'பர்ன்', 'சிங்க்', 'சேஞ்ச்' ஆகிய வினைகள் ஒரே வடிவில் நின்று தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்குகின்றன. காலநிலையின் சீர்கேட்டைப் பேசுவதற்கு வேண்டிய வினைகளுள் பல இவ்வகையின. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவோர் வினைமுதலை விட்டுவிடும்போது, அங்கே ஒரு தெரிவு நிகழ்ந்ததென்பதே படிப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தமிழில் பெயர்க்க முற்படுபவர்க்கு அது உடனே புலப்படும்.

அறிவியலாரின் தொடர்களும் இவ்வகையில் ஒரு வரலாறு உடையவை. காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடைக் குழு 1995ஆம் ஆண்டின் மதிப்பீட்டில், மனிதத் தாக்கம் அறியத்தக்க அளவில் இருப்பதைச் சான்றுகள் உணர்த்துகின்றன என்னும் அளவிலேயே நின்றது. 2021ஆம் ஆண்டின் அறிக்கையிலோ மனிதத் தாக்கம் எழுவாயாகவும், வளியும் கடலும் நிலமும் செயப்படுபொருளாகவும் அமைய, வெப்பமாக்கியது என்னும் பிறவினை ஐயத்திற்கு இடமின்றி இடம்பெற்றது. இருபத்தாறு ஆண்டுகளில் அறிவியலின் தொடரமைப்பு தன்வினையை நீங்கிப் பிறவினையை அடைந்தது எனலாம். ஏறத்தாழ இதே காலப்பகுதியில் ஆங்கிலத்தில் பெருகிய இளையோர்க்கான கேட்டுலகப் புதினங்கள் அவ்வாறு நகர்ந்தனவா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இவற்றைப் படிப்போர் பெரும்பாலும் பதின்பருவத்தினர். கேட்டைச் செய்தவர் அவர்களுடைய பெற்றோர், பாட்டனார் தலைமுறையினர். எழுதுவோரும், வெளியிடுவோரும், நூலை வாங்கிக் கொடுப்போரும் அத்தலைமுறையினரே. இந்நூல்களில் வினைமுதல் மறைவது வெறும் நடைச் செய்தியாகத் தோன்றவில்லை.

வரலாற்றில் தன்வினை, அரங்கில் பிறவினை

சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) இவ்வகையில் மிகுதியாகப் படிக்கப்பட்ட நூல். அதனைக் காலநிலைப் புதினம் எனக் கொள்வோர் அதன் தொடக்கத்தில் வரும் ஒரு பகுதியையே சான்றாகக் காட்டுவர். ஆண்டுதோறும் சிறார்களைப் பலிக்குத் தேர்ந்தெடுக்கும் நாளில், நகரத் தலைவர் பனெம் நாட்டின் வரலாற்றை மேடையில் படிக்கிறார். வறட்சி, புயல், தீ, நிலத்தை விழுங்கிய கடல், எஞ்சிய உணவுக்காக நிகழ்ந்த போர் ஆகியன அங்கே பெயர்களாக வரிசைப்படுத்தப்படுகின்றன. அவை வந்தன, அவற்றின் சாம்பலிலிருந்து பனெம் எழுந்தது. யார் செய்கையால் வந்தன என்னும் செய்தி அவ்வுரையில் இல்லை. அரசின் உரை அவ்வாறுதான் இருக்கும் என்று விடையிறுக்கலாம். அது ஒரு வகையில் பொருந்தும். ஆனால் கதைசொல்லியான காட்னிஸும் அவ்வுரையை இடைமறித்து அக்கேள்வியைக் கேட்பதில்லை. அவளுடைய சினம் முழுவதும் தலைநகரின் மீதே செல்கிறது.

எனினும் இந்நூலைத் திறனாய்வோர் போதிய அளவு கவனிக்காத ஒன்று உண்டு. பலியரங்கிற்குள் கதை நுழைந்ததும் வானிலைக்கு வினைமுதல் வந்துவிடுகிறது. ஓடை வற்றுகிறது, இல்லை, விளையாட்டை நடத்துவோர் அதனை வற்றச் செய்கின்றனர். காடு எரிகிறது, அவர்களே எரிக்கின்றனர். மழை பெய்வதும் இரவு குளிர்வதும் அவர்கள் விருப்பப்படியே. காட்னிஸ் ஒவ்வொரு வானிலை நிகழ்ச்சியையும் ஒரு செய்கையாகப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள்; நீர் வற்றியதும், தம்மை ஏரியை நோக்கி விரட்டவே இது செய்யப்பட்டது என அவள் உய்த்துணரும் இடம் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் நூலில் (2009) இது இன்னும் வெளிப்படை: அரங்கமே கடிகாரம்போல் பகுக்கப்பட்டு, மணிதோறும் ஒரு பேரிடர் ஏவப்படுகிறது. நாட்டின் வரலாற்றில் தன்வினையாக நின்ற புயலும் தீயும் அரங்கில் பிறவினையாகின்றன. அரங்கைப் படித்த கண்ணால் வரலாற்றையும் திரும்பப் படி என்று நூல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதற்கான கருவியை மட்டும் இளைய வாசகர் கையில் கொடுத்துவிடுகிறது. காலின்ஸ் இதனை எண்ணிச் செய்தாரா என்பது நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவதன்று.

ஊர்ப்பெயர் ஆட்பெயராதல்

ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜூலி பெர்டாக்னாவின் 'எக்ஸோடஸ்' (2002) காலத்தால் முந்தியது. 21ஆம் நூற்றாண்டின் இறுதியில் பனிக்கட்டிகள் உருகி, கடல் ஏறி, விங் என்னும் சிறு தீவு மூழ்கிக்கொண்டிருக்கிறது. மாரா என்னும் சிறுமியின் தூண்டுதலால் தீவினர் படகேறி, மூழ்கிய கிளாஸ்கோ நகரின் மேல் எழுப்பப்பட்ட விண்ணகரை நாடுகின்றனர். அந்நகரின் மதில் அவர்களுக்குத் திறப்பதில்லை. மதிலின் அடியில், மரங்களில் கூடு கட்டி வாழும் ஒரு சிறு கூட்டத்தாரை மாரா காண்கிறாள். கார்பல்ஸ், கேண்டில்ரிக்ஸ், புரூமிலா என்பன அவர்களுடைய பெயர்கள். இவை அனைத்தும் கிளாஸ்கோ நகரப் பகுதிகளின் உண்மைப் பெயர்கள்.

மொழியியல் நோக்கில் இது எளிய கற்பனையன்று. ஊர்ப்பெயரை ஆட்பெயரோடு இணைத்து வழங்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை; அங்கே ஊர் இருக்கும், ஆள் அதனைச் சுட்டுவார். பெர்டாக்னாவின் நூலில் சுட்டப்படும் பொருள் நீருக்கடியில் போய்விட்டது. சுட்டும் சொல் மட்டும் ஓர் உடலைப் பற்றிக்கொண்டு உயிர்வாழ்கிறது. ஒருவர் இறந்தால் ஒரு தெருவின் பெயரும் இறக்கும். கடல்மட்டம் எத்தனை மீட்டர் உயர்ந்தது என்னும் கணக்கு தராத இழப்புணர்வை இப்பெயர்கள் தருகின்றன.

வினைமுதலைப் பொறுத்தவரை நூல் பாதி வழியே செல்கிறது. மதிலை எழுப்பியவர், அகதிகளை வெளியே நிறுத்தியவர் யார் என்பது தெளிவாகச் சொல்லப்படுகிறது. கேலிடன் என்னும் அந்நகர்ச் சிற்பிக்குப் பெயர் உண்டு, முன்வரலாறு உண்டு, அவனை எதிர்த்து வெளியேற்றப்பட்ட பெண்ணும் உண்டு. கடலை உயர்த்தியவர்க்கு அத்தகைய முகம் இல்லை. முன்னோர் கண்டும் காணாதிருந்தனர் என்னும் குறை ஆங்காங்கே எழுந்து அடங்குகிறது. ஒதுக்கியோர் குற்றவாளிகள், உருக்கியோர் முன்னோர் என்னும் இப்பகுப்பு இவ்வகை நூல்கள் பலவற்றில் காணப்படுவதே.

சாசி லாயிடின் 'தி கார்பன் டைரீஸ் 2015' (2008) இதற்கு விலக்கு. பெரும்புயல் ஒன்றுக்குப்பின் பிரிட்டன் கரிமப் பங்கீட்டை நடைமுறைப்படுத்துகிறது. லண்டன் சிறுமி லாரா பிரவுன் தன் குடும்பம் தரும் தொல்லைகளோடு அதனையும் நாட்குறிப்பில் எழுதுகிறாள். அத்தகைய பங்கீட்டை எந்த நாடும் இன்றுவரை மேற்கொள்ளவில்லை. தலைப்பிலுள்ள ஆண்டும் கடந்துவிட்டது. ஆயினும் நூல் பழையதாகவில்லை. அடுப்பு, குளியல், பயணம், இசைக்கருவி ஒவ்வொன்றும் 'நான் செலவிட்டேன்', 'நாம் செலவிட்டோம்' என்னும் தன்மை வினைமுற்றுகளாக வருவதே காரணம். நகைச்சுவையான நடை அக்குற்றத்தைத் தாங்கக்கூடியதாக ஆக்குகிறது.

முடுகிய காலமும் முடுக்கிய காலமும்

பாவ்லோ பசிகலூப்பியின் 'ஷிப் பிரேக்கர்' (2010, 2011இல் பிரின்ட்ஸ் விருது பெற்றது) இந்திய வாசகருக்குத் தனிக் கவனத்திற்குரியது. அமெரிக்காவின் வளைகுடாக் கரையில், பழைய எண்ணெய்க் கப்பல்களின் குறுகிய குழாய்களுக்குள் ஊர்ந்து செம்புக் கம்பிகளைப் பிரித்தெடுக்கிறான் நெய்லர் என்னும் சிறுவன். வளர்ந்துவிட்டால் அவ்வேலைக்கு உடல் இடங்கொடாது. குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் கப்பல் உடைக்கும் தொழில் நடந்துவருவதை அறிந்தவர்க்கு இக்காட்சி எதிர்காலமாகத் தோன்றாது. உலகத்தின் ஒரு பகுதியில் நிகழ்ந்துகொண்டிருப்பதை மற்றொரு பகுதிக்கு இடம்பெயர்த்து, அதனைக் கேட்டுலகம் என்று அழைக்கிறார் ஆசிரியர். கரைக்கு வந்துசேரும் செல்வச் சிறுமியின் பெயர் நீட்டா. அவள் குடும்பத்தின் வணிக நிறுவனம் பட்டேல் என்னும் பெயரைத் தாங்கியது. கிழக்கும் மேற்கும் இடம் மாறியுள்ளன. முதலாளி, கூலி என்னும் உறவு மாறவில்லை.

எண்ணெய் எரித்த பழங்காலத்தை அக்கரை மக்கள் 'ஆக்சிலரேட்டட் ஏஜ்' என்கின்றனர். இதனைத் தமிழில் 'முடுகிய காலம்' என்பதா, 'முடுக்கிய காலம்' என்பதா? முன்னது காலம் தானே விரைந்தது என்னும். பின்னது யாரோ விரைவுபடுத்தினர் என்னும். மூலத்தின் எச்ச வடிவம் இரண்டுக்கும் இடந்தருகிறது. நீட்டாவின் குடும்ப நிறுவனத்துக்குள்ளேயே ஒருவர் தார்மணல் எண்ணெயை மறைவாக வணிகம் செய்வது கதையில் வெளிப்படுகிறது. பழங்காலத்தின் வினை நின்றுவிடவில்லை, வினைமுதலும் உயிரோடு இருக்கிறார். அவ்விடத்தைக் கருதி 'முடுக்கிய காலம்' என்பதையே நான் தேர்வேன்.

நீல் ஷஸ்டர்மனும் அவர் மகன் ஜாரட்டும் எழுதிய 'டிரை' (2018) தென் கலிபோர்னியாவில் குழாய்கள் வறளும் நாளில் தொடங்குகிறது. பெயரிடுதல் பற்றிய கூர்மை அதில் உண்டு: வறட்சி என்னும் சொல்லை அரசு கைவிட்டு 'ஃப்ளோ கிரைசிஸ்' என்கிறது, ஓட்டத்தில் நெருக்கடி என்பதற்குப் பொறுப்பாளர் எவரும் வேண்டுவதில்லை. ஆனால் அண்டை மாநிலங்கள் நீர் உடன்பாட்டை மீறின என்னும் காரணத்தோடு நூல் நிறைவடைந்துவிடுகிறது. அதற்கப்பால் செல்லும் ஆர்வம் அதற்கில்லை. விறுவிறுப்பான கதை என்பதில் ஐயமில்லை. நாம் வழங்கும் 'காலநிலை மாற்றம்' என்னும் கலைச்சொல்லும் இவ்வகையில் முற்றும் குறையற்றதன்று. ஓடு–ஓட்டம் போல மாறு என்பதிலிருந்தும், மாற்று என்பதிலிருந்தும் 'மாற்றம்' என்னும் அதே வடிவத்தைப் பெறலாம். பிறவினையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் மொழியில், தொழிற்பெயராக்கம் அவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

தோன்றா எழுவாய்

கனடாவின் மெட்டி இனத்தவரான செரி டிமலைன் எழுதிய 'தி மேரோ தீவ்ஸ்' (2017) இவ்வரிசையில் வேறாக நிற்கிறது. காலநிலை குலைந்த உலகில் மக்கள் கனவு காணும் ஆற்றலை இழந்துவிட்டனர். பழங்குடியினரிடம் மட்டும் அது எஞ்சியுள்ளது. அவர்களைப் பிடித்து, எலும்பு மச்சையை எடுப்பதற்குப் பள்ளிகள் எழுப்பப்படுகின்றன. பள்ளி என்னும் சொல் தற்செயலாக வந்ததன்று. பழங்குடிச் சிறார்களை அவர்தம் மொழியிலிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகள் கனடாவில் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இருந்தன. அவற்றைப் பற்றிய ஆணையத்தின் இறுதி அறிக்கை 2015இல் வெளிவந்தது. மிக் என்னும் முதியவர் இரவில் சிறுவர்களைக் கூட்டிப் பழங்கதை சொல்லும் பகுதிகளில், நீரை நஞ்சாக்கியவரும் நிலத்தைப் பறித்தவரும் எழுவாயாகவே வருகின்றனர். இச்சமூகத்தார்க்கு உலகின் முடிவு ஏற்கெனவே ஒருமுறை நிகழ்ந்துவிட்டது; யாரால் என்பதும் தெரியும்.

மினெர்வா என்னும் மூதாட்டி தன் மொழியில் பாடிக் கனவு காண, பள்ளியின் பொறிகள் எரிந்துபோகும் பகுதியைப் பலர் பாராட்டியுள்ளனர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அழியும் மொழியை மந்திரமாக்கும்போது அது மீண்டும் பேசப்படும் மொழி என்னும் நிலையிலிருந்து விலகிவிடுகிறது. அதனினும் ஆழமானது, ரோஸ் என்னும் சிறுமி மூதாட்டியிடம் ஒரேயொரு சொல்லைக் கற்றிருப்பதை அறிந்து பிரெஞ்சி என்னும் சிறுவன் பொறாமையால் புழுங்கும் இடம். உனக்கு எப்படி அது கிடைத்தது என்பது அவன் ஏக்கம். அருகிவரும் மொழிகளைக் களத்தில் ஆய்ந்தோர்க்கு இக்காட்சி அயலானதன்று. இறுதியில் எஞ்சுவன பெரும்பாலும் தனித்தனிச் சொற்களே. அச்சொற்களைப் பறித்தவர் யார் என்று அவ்விடத்தில் ஆசிரியர் கூறவில்லை. கூறாமை 'டிரை' நூலிலும் உண்டு. அங்கே தேடினாலும் எழுவாய் கிட்டாது. இங்கே நிற்பது தோன்றா எழுவாய், அச்சிறுவனும் சிறுமியும் அதனை நன்கறிவர்.