பாகுப் பதம் பார்த்த கணக்கு

அரவைப் பருவத்தில், இரவு ஷிஃப்டில், சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் 'பேன்' சட்டிகள் இருக்கும் தளத்தில் நின்றவர்களுக்குத்தான் அந்த வாசனை தெரியும். வெல்லமும் நீராவியும் சூடான இரும்பும் கலந்து சட்டையில் ஏறிக்கொள்ளும். திட்டக்குடிக்கு வந்து இரண்டு முறை தலைக்குக் குளித்தாலும் போகாது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்திலேயே நான் அந்தத் தளத்தில் மயங்கிப் போனேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மயக்கம் தெளியவில்லை.

மயக்கியவர் எங்கள் பேன் மேன். பேனின் பக்கவாட்டில் இருந்த பித்தளைக் குழலைத் திருகி இழுத்து, வந்த பாகைக் கண்ணாடித் துண்டில் தடவி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுப்பார். கம்பி எவ்வளவு நீள்கிறது, எங்கே அறுகிறது என்று பார்த்துவிட்டு, "விதை போடலாம் தம்பி" என்பார். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது எங்கள் ஆயா கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பாரே, அதே பதம். இங்கே சட்டி மட்டும் பல டன் கொள்ளும்.

அந்தப் பதத்தில் எத்தனை நுட்பம்! பாகில் கரையக்கூடிய அளவைவிடச் சற்றே அதிகமாகச் சர்க்கரை கரைந்து நிற்க வேண்டும். குறைந்தால் விதையாகப் போட்ட குருணை கரைந்துவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சினாலோ அழைக்காத குருணைகள் தாமாகவே பிறந்து, நல்ல குருணையோடு கலந்து, மொத்தத்தையும் மாவாக்கிவிடும். இடையில் இருக்கும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் மணிக்கணக்கில் பாகைக் கூட்டிப்போக வேண்டும். அதை நேரே அளக்க நம்பகமான கருவி எதுவும் எங்கள் பேனுக்குள் இல்லை.

இருந்தவை இரண்டு. ஒன்று, பாகுக்குள் நிற்கும் பிடி-100 வெப்ப உணரி. அதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சி பொங்கும். விரல் நீளக் குழாய்க்குள் இழை போன்ற பிளாட்டினம். பூஜ்ஜியம் டிகிரியில் சரியாக 100 ஓம், கொதிநீரில் 138.5 ஓம். டிகிரிக்கு 0.39 ஓம் அளவில் பருவம் முழுக்கப் பிசகாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, வெற்றிட அளவு சொல்லும் டிரான்ஸ்மிட்டர். இரண்டின் சேதியும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டு அறைக்கு வரும். ஏன் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குகிறார்கள் தெரியுமா? கம்பி அறுந்தால் பூஜ்ஜியம் வரும். அளவே பூஜ்ஜியம் என்றால் 4 வரும். "ஒன்றும் இல்லை" என்பதற்கும் "நான் உயிரோடு இல்லை" என்பதற்கும் வித்தியாசம் காட்டத் தெரிந்த அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

இந்த இரண்டையும் வைத்து மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் சாஃப்ட் சென்சார். புதுமையாகத் தெரியும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய சங்கதிதான். கீழ்ச்செருவாயில் இருக்கிறது எங்கள் வெலிங்டன் ஏரி. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அந்த ஏரியின் தண்ணீரை யாரும் மொண்டு அளந்ததில்லை. அளவுகோலில் எத்தனை அடி என்று பார்ப்பார்கள். அந்த அடிக்கு எத்தனை கன அடி என்பதை அட்டவணை சொல்லும். பார்த்தது உயரம், கிடைத்தது கொள்ளளவு. வண்டல் சேரச் சேர அட்டவணை பொய் சொல்லும் என்பதும் அங்கேயே கிடைக்கும் பாடம்.

பேனுக்கு வருவோம். அதிகச் சூட்டில் சர்க்கரை சிதைந்து நிறம் கறுக்கும் என்பதால் வெற்றிடத்தில்தான் காய்ச்சுகிறோம். 640 மில்லிமீட்டர் பாதரச வெற்றிடத்தில் வெறும் தண்ணீர் 55 டிகிரியிலேயே கொதித்துவிடும். சர்க்கரை சேர்ந்த பாகு அதைவிடக் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும். அது 65 காட்டினால் இடைவெளி 10. பாகு கெட்டிப்படக் கெட்டிப்பட அந்த இடைவெளி விரியும். அந்த இடைவெளிதான் பதம்! வெப்பத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெற்றிடம் 10 மில்லிமீட்டர் ஆடினாலே கொதிநிலை ஒன்றரை டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கழித்தால்தான் உண்மை வெளியே வரும். புதிதாக ஒரு கருவிகூட வாங்காமல், நாலு வரிக் கணக்கில் அந்த எண் திரையில் எழுந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரமே அது தடுமாறியது. பாகு ஒரு மீட்டர் ஆழத்தில் தன் எடையாலேயே நூறு மில்லிமீட்டருக்கு மேல் பாதரச அழுத்தம் கொடுக்கும். அதனால் கீழே கொதிநிலையும் கூடும். பாகு நன்றாகச் சுழலும்வரை சரி, சுழற்சி மந்தமானால் உணரி நிற்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறிவிடும். அதோடு பருவக் கடைசியில் வெட்டு தாமதமாகிக் காய்ந்த கரும்பு வந்தால் சாற்றின் தூய்மை குறையும். அதே இடைவெளிக்குப் பதம் வேறாகிவிடும். ஆகவே ஆய்வகம் ஒவ்வொரு முறை அளவு தரும்போதும் கணக்கை அதோடு ஒப்பிட்டுச் சிறிது நகர்த்தினோம், முழுவதும் அல்ல, ஒரு பங்கு மட்டும். ஊகி, அளந்து பார், வித்தியாசத்தில் கொஞ்சம் திருத்து. 1960-இல் ருடால்ஃப் கால்மன் இதையே பெருங்கணிதமாக எழுதினார். நிலவுக்குப் போன அப்போலோ கலங்கள் தம் இருப்பிடத்தை அறிந்ததில் அந்தக் கணிதத்துக்குப் பங்கு உண்டு. நிலவுக்கு வழி சொன்ன யோசனை எங்கள் பேனுக்கும் பதம் சொன்னது என்று நினைக்கும்போது இன்னும் புல்லரிக்கிறது.

நெய்வேலிப் பக்கம் போகும்போதெல்லாம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே இதையே நினைப்பேன். அங்கே எரியும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம்தான். எரிந்துகொண்டிருக்கும் கரியின் ஈரத்தை யார் உள்ளே போய் அளப்பது? நீராவி, காற்று, புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் இவற்றில் இருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அதை அறியலாம். எவ்வளவு அழகான வேலை!

எங்கள் பேன் மேன் அந்தத் திரையை முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவர் விதை போடச் சொல்லும் ஒவ்வொரு முறையும் திரையில் இருந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். அவர் விரலும் கணக்கும் எங்கெல்லாம் பிரிந்தனவோ அங்கெல்லாம் கணக்கைத்தான் திருத்தினேன். அந்த விரல்தான் எனக்கு ஆய்வகம். பொங்கல் கழிந்து ஒரு நாள் விடியற்காலை, குழலில் கை வைத்தவர் இழுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"ஒம் பொட்டி என்ன சொல்லுது தம்பி?"

"இன்னும் கொஞ்சம் கெட்டிப்படணும்னு சொல்லுதுண்ணே."

குழலை இழுத்தார், கம்பி பார்த்தார், கையைத் துணியில் துடைத்தார்.

"அஞ்சு நிமிசம் ஆவட்டும்" என்றார்.