சட்டியில் மிதக்கும் நெய்

விளாத்திகுளம் கரிசல் பூமி. ஊருக்குள் நின்று பார்த்தால் கம்பங்கொல்லையும் மிளகாய்ச் செடியும் தெரியும், கடல் தெரியாது. ஆனாலும் வேம்பார், கீழவைப்பார், சிப்பிகுளம் எல்லாம் இதே தாலுகாவின் கடற்கரை என்பதால் மீன்கூடை காலையிலேயே வந்து இறங்கிவிடும். கூடை முன்னால் குத்தவைத்ததும் விலையைத்தான் கேட்போம். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இது நெய் வைத்த மீனா, தண்ணி மீனா?

மீன் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். புரதம் பெரும்பாலான மீன்களில் 100 கிராமுக்கு 17 முதல் 20 கிராம் வரை இருக்கும். விலை கூடின சீலா மீனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அது ஒன்றும் கூடிவிடாது. ஏறி இறங்குவது கொழுப்புதான்; நெய் என்றது அதைத்தான். கொழுப்பு கூடக்கூடத் தண்ணீர் குறையும்; இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிராமில் நிற்கும். விளமீனில் கொழுப்பு ஓரிரு கிராம். சாளையோ ஒரே வருஷத்துக்குள் இரண்டு மீனாகிவிடும். முட்டையிட்டு ஓய்ந்தபோது வற்றிக் கிடக்கும். மிதவையுயிர்களைத் தின்று கொழுத்தபோது 15 கிராமைக்கூடத் தாண்டும். இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா 3 இந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது, வைட்டமின் டி-யும்கூட.

நாக்குக்கு இதைப் பழக்க ஒரு வழி உண்டு. ஒரே நாளில் கால் கிலோ சாளையும் இரண்டு துண்டு விளமீனும் வாங்கி, உப்பு மட்டும் தடவி ஆவியில் வேகவையுங்கள். விளமீனை முதலில் தின்ன வேண்டும். இதழ் இதழாகப் பிரியும், மெல்லிய இனிப்பு தட்டும். சதையிலுள்ள கிளைசின் போன்ற அமினோ அமிலங்களின் வேலை அது. பிறகு சாளை. தோலை உரித்து எறிந்துவிடாதீர்கள், நெய் தோலுக்கு அடியிலும் வயிற்றுப் பக்கமும்தான் படிந்திருக்கும். வாயில் வழுவழுவென்று பரவி, விழுங்கிய பின்னும் சற்று நேரம் நிற்கும்.

இந்த வித்தியாசம் பிடிபட்டால் சமையல் தானாக வழிக்கு வரும். விளமீனுக்குத் தேங்காய்ப்பால் சொதி போதும். சாளைக்குப் புளி வேண்டும்: மீன் வாடையைத் தரும் அமைன்களைப் புளியின் அமிலம் கட்டிப்போடும், நெய்யின் திகட்டலையும் அறுக்கும். சாளையை எண்ணெயில் முக்கிப் பொரிப்பது எனக்கு ஒப்பாது. அதன் நெய் கொஞ்சம் வெளியேற, கடை எண்ணெய் உள்ளே போகும். பொரித்தே ஆகவேண்டுமென்றால் தோசைக்கல்லில் சொட்டு எண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். எந்த மீனாக இருந்தாலும் அதிக நேரம் அடுப்பில் விடவேண்டாம். ஆட்டுக்கறியைப் போல இணைப்புத்திசு அதிகமில்லாத சதை, சீக்கிரம் வெந்துவிடும்.

நெத்திலியின் கதை வேறு. அதை முள்ளோடு மெல்கிறோம், சுண்ணாம்புச் சத்து முள்ளில்தான் இருக்கிறது. சீலாத் துண்டில் நடுமுள்ளை ஒதுக்கிவிடுகிறோமே!

ஒரு எச்சரிக்கை. நெய் மீன் சீக்கிரம் காறிப்போகும். கண் பளபளக்க, செவுள் சிவந்து, அழுத்திய விரல்தடம் பள்ளமாக நிற்காத மீனாகப் பார்த்து வாங்கி, அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள்.

மறுநாள் காலை மண்சட்டியைத் திறந்தால் மேலே செம்மஞ்சளாக எண்ணெய் மிதக்கும். தாளித்தது ஒரு கரண்டிதான், மிச்சம் சாளை விட்டது. கரண்டியால் ஒதுக்கிவிடாமல் பழைய சோற்றை அதே சட்டியில் போட்டுப் பிரட்டுங்கள்.