உந்துகாரணிப் படமும் நம் பள்ளித் திட்டங்களும்

பள்ளிகளைச் சீர்ப்படுத்தும் நெறிபற்றி அண்மையில் எழுந்த மேனாட்டு நூல்களுள், அந்தோனி பிறைக்கும் அவர்தம் துணைவர் மூவரும் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லேர்னிங் ரு இம்புறூவ்' என்பது ஆசிரியர் கருத்தூன்றிக் கற்கத்தக்கது. அந்நூல் போற்றும் கருவிகளுள் ஒன்று, ஆங்கிலத்தில் 'டிறைவர் டயகிறம்' எனப்படுவது. ஈண்டு அதனை உந்துகாரணிப் படம் என்போம். இங்கே 'டிறைவர்' என்பது பேருந்தின் சாரதியன்று, இலக்கை நோக்கிக் கருமத்தை உந்துங் காரணமே. அக்கருவி நம் பள்ளிகளுக்கு எத்துணைப் பயன்படும், எவ்விடத்தே வழுவும் என்பதை ஆராய்வாம்.

படத்தின் அமைப்பு எளிது. ஒருபுறத்தே இலக்கு எழுதப்படும்; எவ்வளவு, எந்நாளுக்குள், யாருக்கு என்னும் மூன்றும் அதிலே துலங்கல் வேண்டும். அதற்கு இன்றியமையாத முதன்மைக் காரணிகள் அடுத்த நிரலிலும், அவற்றை இயக்குந் துணைக்காரணிகள் அதன் பின்னும், வகுப்பறையிலே செய்துபார்க்கத்தக்க மாற்றங்கள் மறுகோடியிலும் இடம்பெறும். இவற்றை இணைக்குங் கோடுகளிலேயே படத்தின் உயிர் உளது. ஒவ்வொரு கோடும் 'இது நிகழின் அது நிகழும்' என்னும் ஒரு கூற்று. கூற்றாதலின் அது பொய்த்தலுங் கூடும். பொய்த்தவழி அழித்து வேறு வரைதல் வேண்டும். மருத்துவமனைகளின் தரமேம்பாட்டு முயற்சிகளிற் பரவிய பின்னரே இம்முறை கல்வித்துறையினுட் புகுந்தது. பிணியின் மூலத்தை ஆராயுமாறு மருந்து அதிகாரத்தில் வள்ளுவரே பணித்துள்ளமையால், நெறி நமக்குப் புதிதன்று, படமே புதிது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டு பள்ளி மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கிய பின்னர், திட்டமிடுதல் அதிபரோடு ஆசிரியர், பெற்றோர் ஆகியோரையுஞ் சார்ந்த கடமையாயிற்று. வருடந்தோறும் எழுதப்படும் அமுலாக்கற் றிட்டங்களை நோக்கின், செயற்பாடு, பொறுப்பாளர், காலம், செலவு என்னும் நிரல்கள் செவ்வனே நிரம்பியிருக்கும். 'இச்செயல் அவ்விலக்கை எங்ஙனம் பயக்கும்?' என்னும் வினாவுக்கு மட்டும் நிரல் காண்பதரிது. மூன்றாந் தரத்தில் வாசிப்பை உயர்த்தல் இலக்காயின், வாசிப்பு முகாம் நடத்தல் செயலாகும். முகாம் நடைபெறும், நிழற்படம் எடுக்கப்படும், கோவை தடிக்கும். வாசிக்கமாட்டாத பிள்ளை முன்போலவே பின்வாங்கில் அமர்ந்திருக்கும்.

இதனையே படமாக வரையப் புகின், 'இரண்டாந் தவணை முடிவதற்குள் இவ்வகுப்பின் இருபது பிள்ளைகளுட் பதினெண்மர், முன் கண்டிராத பந்தியொன்றை வாசித்துப் பொருள் கூறுவர்' என இலக்கை அறுதியிட்டு உரைக்க நேரும். உடனே வினாக்கள் எழும். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் எத்தனை முறை ஆசிரியர் செவிப்பட வாசிக்கின்றது? வீட்டுக்குக் கொண்டுசெல்ல நூல் உண்டா? தடை எழுத்தறியாமையா, சொல்லறியாமையா? பள்ளிக்கு வாராத நாட்கள் எத்தனை? இவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஒரு வாரம் செய்து எண்ணிப் பார்த்தல் எவ்வாசிரியருக்கும் இயல்வதே. வகுப்பின் சராசரிப் புள்ளியோ இவ்வினாக்களை எழுப்பாது. நன்கு வாசிப்போர் சிலரின் புள்ளி ஏனையோரை மறைத்துவிடும். மாணவரிடையேயுள்ள வேறுபாடே ஆராயற்பாலது என்று அந்நூலார் கூறுவது முற்றும் ஏற்புடைத்து.

கார்னெகி நிறுவனத்தார் 2011இல் அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளிலே தொடங்கிய 'ஸ்ரற்வே' என்னுங் கணிதநெறி இம்முறைக்குப் பெருஞ்சான்றாகக் காட்டப்படுகின்றது. கணிதத்திற் பின்தங்கிய மாணவருள் ஓராண்டிலே கல்லூரிக் கணிதத்திற் சித்தியெய்தியோர் முன்னர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேரே. புதுநெறியின் முதலாண்டில் அத்தொகை பாதியளவாயிற்று. இதனைப் படத்தின் பேறாகக் கொள்ளுதல் பிழை. அங்கே பாடமே மாறியது: அட்சரகணிதத்தின் நெடுவழியை விட்டுப் புள்ளிவிபரவியலை மையமாகக் கொண்டனர். பல கல்லூரி ஆசிரியர் ஒருங்குகூடிப் பாடங்களைத் திருத்தினர். 'கணிதம் எனக்கு வாராது' என்று ஒதுங்கும் மாணவனைத் தொடக்க வாரங்களிலேயே ஊக்குதலும் ஒரு முதன்மைக் காரணியாயிற்று. படம் இவற்றை ஓரிடத்தே காட்டியது, செய்தவர் ஆசிரியர்.

இனிக் குறைகளை நோக்குவாம். இப்படத்தில் காரணம் ஒருவழியே செல்லும். வாழ்க்கையில் அது சுழலும். வாசிக்கமாட்டாத பிள்ளை வெட்கிப் பள்ளிக்கு வாராது நிற்கும். வாராமையால் வாசிப்பு மேலுங் குன்றும். மற்றொன்று இதனினும் பெரிது. பள்ளியின் கைக்கு எட்டுவனவற்றை மட்டுமே காரணிகளாக எழுதுக என்பாரும் உளர். தேற்றாத்தீவு முதலாய எழுவான்கரை ஊர்களிலும் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலும், தாய் மத்திய கிழக்கிலே வீட்டுப்பணி புரிய, அம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் உளர். அக்காரணத்தை நீக்கின் படம் அழகுறும், பிள்ளை மறையும். எட்டாதது என்று குறித்தேனும் அதனை எழுதல் வேண்டும். கல்லடி உப்போடையிலே 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த விபுலானந்த அடிகள், பாடத்தோடு அமையாது, உண்டியும் உறையுளும் வழங்கும் மாணவர் இல்லத்தையும் பேணினார். கைக்கு எட்டுவதை மட்டும் எழுதுவோர் அவ்விரண்டையும் பள்ளிக்குப் புறம்பானவை என விலக்கியிருப்பர்.

ஆதலின் பெட்டிகள் அச்சிட்ட படிவம் ஒன்று வலயந்தோறும் வந்துசேர்வதை யாம் விரும்பேம். ஒரு வகுப்பு, ஓர் இலக்கு, கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்த ஒரு படம், அதனை வரைய வகுப்பாசிரியரோடு பெற்றோர் இருவர்: தொடக்கத்துக்கு இவை அமையும். தவணை முடிவில் எக்கோடு நின்றது, எக்கோடு அழிந்தது என்பது கோவையில் ஏறட்டும். அழிந்த கோட்டை ஆசிரியரின் தோல்வியாக எண்ணாது, அவர் செய்த வேலையாக ஏற்கக் கல்வி அலுவலர் உடன்படுவரா? உடன்படாராயின், அழியத்தக்க கோட்டை எவ்வாசிரியரும் வரையார். தவறாது நடைபெறும் வாசிப்பு முகாமையே அடுத்த ஆண்டும் எழுதுவர்.