15 விநாடி நாதஸ்வரம்

ஒரு ஃப்ளாப்பித் தட்டில் 1.44 எம்பி இடம். 1999இல் வந்த கோர்க் ட்ரைடன் கீபோர்டு 48 கிலோஹெர்ட்ஸில், 16 பிட்டில் ஒலியைப் பதிந்துகொள்ளும். விநாடிக்கு 96,000 பைட். வகுத்துப் பார்த்தால் ஒரு தட்டுக்குள் மோனோவில் 15 விநாடிக்குச் சற்று மேல் அடங்கும். அந்த 15 விநாடிக்குள் ஒரு முழு நாதஸ்வரத்தை அடக்கி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நெல்லைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் முதல் கீபோர்டு வாசிப்பவர் அவர். குழுவில் எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் வாசிக்கிறவன் இல்லை. இருபது வருஷமாக மேடைக்குப் பின்னால், அவர் கீபோர்டின் திரை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து கேட்டுவருகிறவன். விரல் வேகத்தில் அவரைவிடப் பெரிய ஆட்கள் உண்டு. ஆனால் டோன்களைத் திரட்டி, திருத்தி, அடுக்கி வைத்திருக்கும் அழகில் அவருக்கு நிகராக இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அந்த அழகைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

அன்றைய ட்ரைடனில் நாமாகப் பதிந்த ஒலிகள் ராமில்தான் நிற்கும். மின்சாரம் போனால் அவையும் போய்விடும்; மறுபடி தட்டிலிருந்து ஏற்ற வேண்டும். கீபோர்டோடு வரும் 16 எம்பி ராமை நிரப்ப ஒரு டஜன் தட்டாவது வேண்டும். கோயில் கொடை விழாவில் ஜெனரேட்டர் நின்று திரும்ப ஓடும் இடைவெளியில் ஒரு டஜன் தட்டை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்கக் கூட்டம் பொறுக்காது. அதனால் அண்ணாச்சி ஒரு கணக்குப் போட்டார். கொடை மேடையில் இல்லாமல் முடியாத ஒலிகள் எவை? முதலில் நாதஸ்வரம். அது ஒரே தட்டுக்குள் வந்தாக வேண்டும்.

ஒரு மத்தியானம், கச்சேரிக்கு முன்னால், பாரி நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவரை மண்டபத்தின் உள்ளறைக்கு அழைத்து வந்தார். மைக்கை நேராக ட்ரைடனில் சொருகினார். “அசைக்காம, நேரா, ஒரே ஸ்வரமா ஊதணும் ஐயா” என்றார். பெரியவருக்கு அது புரியவே நேரமானது. கமகம் இல்லாமல் ஊதச் சொல்வது அவரிடம் மூச்சு விடாமல் பேசச் சொல்வதுபோல. ஆனால் அண்ணாச்சி கேட்டதற்குக் காரணம் உண்டு. பதிந்த ஒலியை மேல் ஸ்வரத்துக்கு இழுத்தால் அது வேகமாகவும் ஓடும். அரை ஸ்வரத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம். ஒரு ஸ்தாயி மேலே போனால் இரட்டை வேகம். விநாடிக்கு ஐந்து முறை அசைகிற கமகம் அங்கே பத்து முறை அசையும். நாதஸ்வரம் நடுங்குவதுபோல் கேட்கும். கடையில் கிடைக்கும் பல இந்திய டோன்களில் எனக்குள்ள முதல் மனத்தாங்கல் இதுதான்: ஒலிக்குள்ளேயே கமகத்தை உறைய வைத்துவிடுகிறார்கள். பிறகு அது எந்த ராகத்துக்கும் ஒட்டாது.

ஏழு ஸ்வரங்கள் எடுத்தார். ஒவ்வொன்றும் இரண்டே விநாடி. ஒன்றுக்கொன்று மூன்று, நான்கு அரை ஸ்வர இடைவெளி. இரண்டு ஸ்தாயி அளவுக்கு அது போதும். நடுவில் வரும் கட்டைகளுக்குப் பக்கத்து ஸ்வரத்தையே கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம். இரண்டு விநாடிக்கு மேல் ஸ்வரம் நீளவேண்டும் என்றால் கடைசி அரை விநாடியை லூப் போடவேண்டும். இந்த லூப் போடுவதில்தான் ஆளின் பொறுமை தெரியும். அலையின் முடிவும் தொடக்கமும் ஒரே உயரத்தில், ஒரே ஏற்றத்தில் சந்திக்கும் புள்ளியைத் தேட வேண்டும். தவறினால் சுற்றுக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று தட்டும். புள்ளி சரியாக இருந்தாலும், மூச்சின் அழுத்தம் இரண்டு முனையிலும் வேறாக இருந்தால் ஸ்வரம் விம்மி விம்மித் தணியும். ஏழு ஸ்வரத்துக்கு லூப் போட அவருக்கு நான்கு இரவுகள் ஆயின. ஆறு ஸ்வரங்களில் தையல் தெரியாது. பஞ்சமத்தில் மட்டும், உற்றுக் கேட்டால், இலேசான ஒரு புரளல் இருக்கும்.

கமகத்தைக் கைக்கு விட்டுவிட்டார். கோர்க் ஜாய்ஸ்டிக்கில் வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டுக்கும் வளைவின் அளவைத் தனித்தனியாக வைக்கலாம். மேல்நோக்கி இரண்டு அரை ஸ்வரம், கீழ்நோக்கி மூன்று என்று வைத்தார். ஸ்டிக்கை முதலிலேயே இடப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கட்டையை அழுத்தி, பிறகு மெல்ல விடுவார். ஸ்வரம் கீழிருந்து ஏறி வந்து நிற்கும். கூடவே மோனோ, லெகாட்டோ. ஒரு கட்டையை விடாமல் அடுத்ததைத் தொட்டால் துத்துகாரம் திரும்ப விழாது, மூச்சு தொடரும். விட்டுத் தொட்டால் துத்துகாரம் விழும். இந்த இரண்டையும் கலந்து வாசிக்கையில், கண்ணை மூடிக் கேட்டால் சீவாளி வாயில் இருக்கிறது என்றே தோன்றும்.

ஏழு இரண்டு பதினான்கு. மிச்சம் ஒரு விநாடிக்குச் சற்று மேல் இருந்தது. அதில் அவர் இன்னொரு ஸ்வரத்தைச் சேர்க்கவில்லை. பெரியவர் ஊதத் தொடங்கும் முன் சீவாளியைச் சரிபார்க்கச் சின்னதாகக் கொடுத்த ஒரு பீறலைப் பதிந்து, அடிக் கட்டையில் வைத்தார். மங்கல இசைக்கு முன் அதை ஒரே ஒரு முறை தொடுவார். பந்தலின் கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒலிகளைச் சேர்த்து வைப்பது என்ற பழக்கமே இப்படி ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதில் தொடங்கியதுதான். 1979இல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் சாம்ப்ளர் தன் ஒலிகளை எட்டு அங்குல ஃப்ளாப்பிகளில் வைத்திருந்தது. அந்த நூலகத்தில் ‘ஆர்ச் 5’ என்ற பெயரில், ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ இசைத்தட்டிலிருந்து வெட்டிய ஒரே ஒரு வாத்தியக்குழு முழக்கம் இருந்தது. 1982இல் ‘பிளானெட் ராக்’ பாட்டில் அது விழுந்தது. பிறகு உலகம் முழுக்க விழுந்தது. எமுலேட்டர் 2 கீபோர்டின் தட்டில் வந்த ஜப்பானியப் புல்லாங்குழலை 1986இல் பீட்டர் கேப்ரியல் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாட்டின் தொடக்கத்தில் வைத்தார். யாரோ ஒருவர் ஒரு மூச்சைத் தேர்ந்தெடுத்தார். அதை எத்தனையோ பேர் வாசித்தார்கள். தேர்ந்தெடுத்த அந்தக் காதுக்குத்தான் என் மரியாதை.

அடுக்குவதற்கு வருகிறேன். ட்ரைடனில் புரோகிராம் என்பது ஒரு டோன். எட்டு டோன்கள் வரை சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக லேயரோ, கட்டைகளைப் பிரித்து ஸ்ப்ளிட்டோ போட்டு வைப்பது காம்பி. ‘ராக்கம்மா கையத் தட்டு’ என்றால் வயலின் கூட்டம் ஒரு பக்கம், மணியோசை ஒரு பக்கம், கீழே வேறொன்று என்று பாட்டுக்கு ஒரு காம்பி. இதில் வெளியே தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. காம்பிக்குத் தன் டோன்களின் பெயர் தெரியாது, விலாசம்தான் தெரியும். பேங்க் ஏ, எண் 45. அவ்வளவுதான். அந்த விலாசத்தில் வேறு டோனைக் குடிவைத்தால் காம்பி அதைத்தான் வாசிக்கும்.

ஒரு முறை குழுவுக்குப் புதிதாக வந்த பையன் ஆர்வத்தில் எங்கிருந்தோ வாங்கி வந்த, டோன்கள் அடங்கிய பி.சி.ஜி. கோப்பு ஒன்றை ஒத்திகைக்கு முன் முழுசாக ஏற்றிவிட்டான். எல்லா பேங்க்கும் அதன் ஒலிகளால் நிரம்பிவிட்டது. பல்லவிக்கு முன்னால் வயலின் எழும்ப வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு எந்திர இரைச்சல் எழுந்தது. பையன் முகம் வெளிறிவிட்டது. அண்ணாச்சி கோபப்படவில்லை. “அட்ரஸ் மாறினா தபால் வேற வீட்டுக்குத்தான்டே போவும்” என்றார். பெட்டியிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தார். பாட்டு, பேங்க், எண், டோன், சுருதி என்று நான்கு வருஷத்துக் குறிப்புகள், பென்சிலில். கூடவே மூன்று பிரதி தட்டுகள். ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில், ஒன்று அரிசி டின்னில். கடலோர ஈரத்தில் ஃப்ளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் மனைவியின் யோசனை. இரவு பத்து மணிக்குள் எல்லாம் பழையபடி நின்றன. கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து, ஒரு டோனை நகர்த்தினால் அதை நம்பியிருக்கும் காம்பிகளையும் கூடவே திருத்துகிற பி.சி.ஜி. டூல்ஸ் போன்ற மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. அவரும் அப்படி ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார். நோட்டையும் விடவில்லை.

மிடி முறையில் ஒரு டோனைக் கூப்பிட பேங்க் எண் இரண்டு பகுதியாகவும் புரோகிராம் எண் ஒரு பகுதியாகவும் போகும். ஒவ்வொன்றிலும் 128. பெருக்கினால் 20 லட்சத்துக்கும் மேல் விலாசங்கள். இவ்வளவு வீடுகள் இருக்கும் ஊரில் அண்ணாச்சி குடியேற்றியிருப்பது தொண்ணூறு சொச்சம் டோன்கள்.

அந்தத் தொண்ணூறையும் எப்படித் தயார் செய்கிறார் என்பதில்தான் என் ரசனை நிற்கிறது. கம்பெனி டோன்கள் கடையில் தனியாக வாசித்துக் காட்ட ஏற்றவை. ஒரு கட்டையைத் தொட்டாலே அரண்மனை போல விரியும். ரிவெர்ப், கோரஸ், அடியில் தடித்த கீழொலி. மேடையில் பேஸ் கிட்டாரும் தபேலாவும் ரிதம் பேடும் சேர்ந்ததும் அதே டோன் சேறாகிவிடும். அண்ணாச்சி வயலின் டோன்களில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நறுக்கிவிடுவார். அது பேஸ் கிட்டாருக்குச் சொந்தமான இடம் என்பார். ரிவெர்பைப் பாதிக்கும் கீழே இறக்குவார். கொடைத் திடலில் தெருவெல்லாம் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் எதிரொலியைத் தாமே தருகின்றன. வீட்டில் தனியாகக் கேட்டால் அவருடைய வயலின் மெலிந்து, வறண்டு இருக்கும். குழுவோடு கேட்கையில் ஒவ்வொரு வில்லும் தெரியும்.

பிறகு ஒலி அளவு. ஒரே கார்டை, ஒரே அழுத்தத்தில், ஒவ்வொரு காம்பியிலும் வரிசையாக வாசித்துக்கொண்டே போவார். சின்ன ஸ்பீக்கர், தாழ்ந்த சத்தம். எங்கே துள்ளுகிறது, எங்கே பள்ளம் விழுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகச் சமன்செய்வார். மிக்ஸரில் உட்காருபவர் அவர் சேனலில் கைவைக்கவே வேண்டியிருக்காது. கேட்பவர்களுக்குத் தெரியாமலே போகும் வேலை இது. எனக்கு இதில்தான் மனம் நெகிழ்கிறது.

இப்போது அவரிடம் இருப்பது க்ரோனோஸ். 2011இல் கோர்க் கொண்டுவந்தது, ஒலிகளை எஸ்.எஸ்.டி. தட்டிலிருந்தே நேரடியாக ஓடவிட்டு வாசிக்கும். பியானோவின் ஒவ்வொரு ஸ்வரமும் லூப் இல்லாமல், தானாக அடங்கும் வரை முழுசாக உள்ளே இருக்கிறது. அந்தப் பியானோவை முதல் நாள் ஒரு மணி நேரம் அவர் ஒற்றை விரலால் வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு கட்டையை அழுத்தி, அது கரையும் வரை காத்திருந்து, அடுத்தது. காம்பியில் இப்போது பதினாறு டோன்கள். ஒரு டோனிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பழைய ஸ்வரம் வெட்டுப்படாமல், அதன் எஃபெக்ட்டோடு கரைந்து போகும். சரணத்துக்கு முந்தின வயலின் இன்னும் காற்றில் இருக்கும்போதே கை புல்லாங்குழலுக்குப் போய்விடும். பழைய கீபோர்டில் இந்த இடத்தில் ஒரு முடிச்சு விழும்; அதை மறைக்கத் தபேலாக்காரர் ஒரு தீர்மானம் போட்டு உதவுவார். அந்த உதவி இப்போது தேவையில்லை. அவர் பழக்கத்தில் இன்னும் போடுகிறார்.

க்ரோனோஸில் செட் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரு லிஸ்ட்டில் 128 கட்டங்கள். திரைக்குப் பதினாறு, நான்குக்கு நான்காக. மொத்தம் எட்டுப் பக்கம். நம் மேடையில் நேயர் விருப்பத் துண்டுச் சீட்டு எந்நேரமும் வரும். கச்சேரி வரிசையில் அடுக்கினால் முதல் சீட்டிலேயே வரிசை குலையும். அகர வரிசையில் அடுக்கினால் பக்கம் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அண்ணாச்சி இசையமைப்பாளர் வாரியாக, காலவாரியாகப் பக்கம் பிரித்திருக்கிறார். எம்.எஸ்.வி.க்கு ஒன்றரைப் பக்கம்: அக்கார்டியன், ஆர்கன், மேண்டலின். இளையராஜாவுக்கு மூன்று. ரஹ்மானுக்கு இரண்டு. மீதி புதியவர்களுக்கு. ‘இளைய நிலா’ எங்கே என்று அவர் தேடமாட்டார். எந்தக் காலம் என்று கைக்குத் தெரியும்.

கட்டத்துக்கு நிறமும் கொடுக்கலாம். தட்டிய உடனே முதல் அடியில் விழவேண்டிய பாட்டுகளுக்குச் சிவப்பு. பாடகர் தொகையறா பாடி முடிக்கும் வரை அவகாசம் இருப்பவற்றுக்குப் பச்சை. குறிப்புப் பகுதியில் யார் பாடினால் எந்தக் கட்டை என்று இருக்கும். வயதான பாடகருக்காக அரைக் கட்டை இறக்கினால் ஸ்ப்ளிட் பிரியும் இடமும் நகரக்கூடும். டிரான்ஸ்போஸை எந்த இடத்தில் வேலை செய்யவிட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. அதற்காக இரண்டு டோன்களுக்கு நடுவே எப்போதும் மூன்று கட்டைகளைச் சும்மா விட்டு வைக்கிறார். ஒன்றும் ஒலிக்காத அந்த மூன்று கட்டைகள் எனக்கு வயலின் டோனுக்குச் சமமான அழகு.

எட்டுப் பக்கத்திலும் இரண்டு கட்டங்கள் இடம் மாறுவதில்லை. இடது மேல் மூலையில் பியானோ. வலது கீழ் மூலையில் நாதஸ்வரம். இருட்டிலும் விரல் அங்கே போய் நிற்கும்.

க்ரோனோஸுக்குள் வேறு நாதஸ்வரங்களும் இருக்கின்றன. வெலாசிட்டிக்கு நான்கு அடுக்கு, கட்டைக்கு ஒரு பதிவு என்று விலை கொடுத்து வாங்கியவை. ஆனால் ட்ரைடன் தட்டின் சாம்பிள்களையும் க்ரோனோஸ் படித்துக்கொள்ளும். ஃப்ளாப்பி டிரைவ் வைத்திருந்த ஒருவரைத் தேடிப்போய், பழைய தட்டை யூ.எஸ்.பி.க்கு மாற்றி வாங்கி வந்து அந்த மூலைக் கட்டத்தில் வைத்தார். பஞ்சமத்தின் லூப்பைச் சரிசெய்ய இன்று பத்து நிமிஷம் போதும். அவர் தொடவில்லை.

போன சித்திரையில் ஒரு கொடை. பாரி நாதஸ்வரப் பெரியவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அண்ணாச்சி வலது கீழ் மூலையைத் தொட்டு, பிறகு அடிக் கட்டையை ஒரு முறை அழுத்தினார். சின்னப் பீறல். மேடை ஓரத்தில் வாரை இழுத்துச் சுருதி பார்த்துக்கொண்டிருந்த தவில்காரர் நிமிர்ந்தார்; அவர் கை வலந்தலைக்கு வந்தது.