பிடியை இழுத்த நாய்

கோரிப்பாளையம் தர்கா பக்கம் பரோட்டாக் கடை வாசலில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு நாய் வந்து நிற்கும். கல்லைப் பார்க்காது, மாஸ்டரையும் பார்க்காது. வைகைப் பாலத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓரோர் அடியாக முன்னால் வந்துவிடும். ஃபிட்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாய் ஞாபகம்தான்.

ஃபிட்ஸ் மௌனப்படக் காலத்துக் கார்ட்டூன் நாய். நியூயார்க்கில் மாக்ஸ், டேவ் ஃப்ளைஷர் சகோதரர்கள் எடுத்த படங்களில் கோகோ என்ற கோமாளிக்குக் கூட்டாளி. மைப்புட்டிதான் இருவருக்கும் வீடு.

கோகோவின் காலைக் கவனியுங்கள். டேவ் கோமாளி உடுப்பில் ஆடியதைப் படம்பிடித்து, ஒவ்வொரு படமாக அதன்மேல் கோடிழுத்துப் பிறந்தவன் அவன். மாக்ஸ் கண்டுபிடித்த ரோட்டோஸ்கோப்பின் வேலை அது. முழங்கால் மடங்கினால் ஓர் ஆளின் கனம் தெரியும். ஃபிட்ஸோ டிக் ஹ்யூமர் பென்சிலால் பெற்ற பிள்ளை. அதற்காக யாரும் ஆடிக் காட்டவில்லை. எலும்புக்குக் கட்டுப்படாத அந்த உடம்பில் நினைப்புதான் முதலில் ஓடுகிறது, கால் பிறகு வருகிறது. என்ன அழகு!

நம் சினிமா முன்னோடி பால்கேயும் 1915-லேயே தீக்குச்சிகளைத் திரையில் ஆடவைத்தவர். அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஃபிட்ஸ் தப்பிப் பிழைத்தது நம் பாக்கியம்.

டேவ் இயக்கிய 'கோகோஸ் எர்த் கன்ட்ரோல்' 1928-ல் வந்தது. சில நிமிடப் படம்தான். இருவரும் நடக்க நடக்கக் காலடியில் பூமி உருண்டை சுழல்கிறது. உலகத்தையே ஆட்டிவைக்கும் அறைக்கு வந்து சேர்கிறார்கள். பகலுக்கும் இரவுக்கும் மழைக்கும் அங்கே பிடிகள். ஒரு பிடியில் மட்டும் எச்சரிக்கை: இழுத்தால் உலகம் அழிந்துவிடும்.

அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். சம்மணம் போட்டிருந்தவன் முட்டிபோட்டு எழுந்துவிட்டான். "தொட்ரும் மாமா, பாருங்களேன்!" ஒரு வசனம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஒரு நாயின் ஆசை மட்டும் திரையை நிறைத்து நிற்கிறது. கோகோ தடுக்கப் பார்த்தும் ஃபிட்ஸ் இழுத்துவிடுகிறது.

அதற்கப்புறம் வருவதுதான் உச்சம். அழிவது வரைந்த உலகம் மட்டுமல்ல. நிஜ நியூயார்க்கின் கட்டடங்கள் சாய்கின்றன, தெருவே சரிகிறது. மையால் வரைந்த ஒரு பாதம் பட்டு, கல்லும் இரும்புமான நகரம் ஆட்டம் காண்கிறது. இத்தனை துணிச்சலான கற்பனையை வேறெந்த மௌனக் கார்ட்டூனிலும் நான் பார்த்ததில்லை.

பையனுக்குக் கட்டடம் சாய்ந்தது பெரிதாகப் படவில்லை. ஃபிட்ஸ் பிடிக்கு முன்னால் நிற்கும் இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான்.