நாகேஷ் சொல்லும் திகில் கதை: எப்படி ரசிப்பது?

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி திருவந்திபுரத்துக் கல்யாண மண்டபங்களில் தாத்தா முதல் பேரன் வரை ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து பார்க்க ஒரு காட்சியைச் சிபாரிசு செய்கிறேன். ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில், படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்கிறான். மகன் நாகேஷ், அப்பா டி.எஸ்.பாலையா. அறுபது வருஷம் கழித்தும் இது அலுக்காததற்குக் காரணம், இங்கே பயத்தையும் சிரிப்பையும் பிரிக்கவே முடியாது என்பதுதான். இதைக் குறைந்தது மூன்று தடவை பாருங்கள்.

முதலில் சும்மா பாருங்கள்

எதையும் ஆராய வேண்டாம். வாய்விட்டுச் சிரியுங்கள்.

அடுத்து, கண்ணை மூடிக் கேளுங்கள்

பேய் இல்லை, இருட்டு பங்களா இல்லை. திகில் படத்துக்கு வேண்டிய ஓசைகளை நாகேஷ் தன் வாயாலேயே எழுப்புகிறார். குரலை எங்கே தாழ்த்துகிறார், எங்கே இழுக்கிறார், எந்த இடத்தில் சட்டென்று நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். அந்த நிறுத்தத்தில்தான் பயம் உள்ளே நுழைகிறது. செல்லப்பா தன் கதையை மனசார நம்புகிறான். சிரிக்க வைக்க வேண்டும் என்ற நினைப்பு அவன் குரலில் துளியும் இல்லை.

மூன்றாவது, பாலையாவை மட்டும் பாருங்கள்

இதுதான் முக்கியம். 1936-இல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமாகி, வில்லனாகப் பலரை மிரட்டிய நடிகர் அவர். மிரட்டத் தெரிந்தவருக்கு மிரளவும் தெரிகிறது. பணக்கார அப்பாவின் மிடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கண் விரிகிறது, முகம் வெளிறுகிறது. நாம் சிரிப்பது கதையைக் கேட்டு அல்ல, அவர் பயப்படுவதைப் பார்த்து. கேட்பவர் நம்பவில்லை என்றால் சொல்பவரின் வித்தை அத்தனையும் வீண். நாகேஷின் வெற்றியில் சரிபாதி பாலையாவுடையது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், இந்தப் படத்தின் இந்தி வடிவமான 'பியார் கியே ஜா' (1966) இருக்கிறது. அதில் கதை சொல்பவர் மெஹ்மூத், நடுங்குபவர் ஓம் பிரகாஷ். சம்பவம் ஒன்றேதான். ஆனால் நடிகர் மாறினால் பயத்தின் தாளமும் மாறுவதை நீங்களே உணர்வீர்கள்.

பிறகு, பிற்கால நாகேஷ்

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் வில்லன்களில் ஒருவராக வருகிறார். சிரிப்பூட்டிப் பழகிய அதே முகம் அங்கே குலை நடுங்க வைக்கும். 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் பிணமாகவே வருகிறார்! வசனம் கிடையாது, கண்ணசைவு கிடையாது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் அந்த உடலை வைத்துக்கொண்டு படும் பாடு, மரண பயத்தையே சிரிப்பாக்குகிறது. துள்ளிக் குதித்தே பெயர் வாங்கிய ஒரு மனிதர் உடம்பை அடியோடு தளர்த்திப் போட்டு நடித்ததை, கை கால் தொங்கும் விதத்தில் பாருங்கள்.

நாகேஷின் இந்த மூன்று படங்களையும் இதே வரிசையில் பார்த்தால் ஒன்று விளங்கும். குரலால் பயமுறுத்தத் தொடங்கிய நாகேஷ், குரலும் அசைவும் இல்லாமலே நம்மைச் சிரிக்க வைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். சிரிப்பு நடிகர் என்ற ஒரே சிமிழில் அவரை அடைத்து வைப்பது நமக்குத்தான் நஷ்டம்.